கார் இன்ஜினில் ‘உஸ்’ சத்தம்: எப்போது வருகிறது என்று பாருங்கள்

பானட்டுக்குள்ளிருந்து ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் உடனே பானட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, எங்கே எங்கே என்று தேடத்தான் தோன்றும். அதில் அலைச்சல்தான் மிச்சம். இன்ஜின் அறைக்குள் சத்தம் தகரத்திலும் ஃபயர்வாலிலும் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) பட்டுத் திரும்புகிறது. இடப்பக்கம் கசிவது வலப்பக்கம் கேட்கும். கோவைப் பட்டறைகளில் கை தேர்ந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் கேள்வி இப்படித்தான் வரும்: “எப்பங்ணா வருது? நிக்கறப்பவா, ஏத்தத்துல மிதிக்கறப்பவா, வண்டிய நிறுத்துன பொறகா?” அதற்குச் சரியான பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காரணம் எளிது. உஸ் என்ற சத்தம் காற்றோ ஆவியோ ஒரு சின்ன இடுக்கு வழியாகப் போவதால் வருவது. ஒன்று வெளிக்காற்று உள்ளே போகிறது, இல்லை உள்ளே இருப்பது வெளியே வருகிறது. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல்) ஓடும்போது, காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் இருக்கும், அதனால் காற்று உள்ளே இழுபடும். டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதே குழாய்களுக்குள் அழுத்தம் ஏறும், அப்போது காற்று வெளியே பீறிடும். இன்ஜின் சூடேறினால் கூலன்ட் வெளியே வரப் பார்க்கும். ஆக, சத்தம் வரும் நேரத்தைக் கவனித்தாலே எந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம். ஓடும் இன்ஜினுக்கு மேல் குனியும்போது துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றக்கூடும், விரலை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

நின்றபடி ஓடும்போது உஸ், ரேஸ் கொடுத்தால் அடங்குகிறது

பெட்ரோல் வண்டியில் அதிகம் வரும் புகார் இதுதான். கூடவே ஐடில் ஏறி இறங்கும், சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக உதறும், செக் இன்ஜின் விளக்கு எரியலாம். ஸ்கேனர் போட்டால் பி0171 என்ற பிழைக் குறியீடு (கோடு) வரும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டிகளில் சில சமயம் கோடே வராது. ஐடில் மட்டும் வழக்கத்தைவிட ஏறி நிற்கும்.

எல்லாமே வாக்குவம் லீக்கின், அதாவது வெற்றிடக் கசிவின், அடையாளங்கள். ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் நூலளவு விரிசல் இருந்தால்கூடக் காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். ரேஸ் கொடுத்தால் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் வால்வு) திறந்து வெற்றிடம் குறையும், சீறலும் அடங்கும்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் சொட்டுநீர்ப் பைப்பில் ஒரு மீட்டர் வெட்டி எடுங்கள். ஒரு முனையைக் காதோரம் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு ஹோஸின் இணைப்பிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். ஃபேனையும் பெல்ட்டையும் விட்டு விலகியே இருக்கட்டும். கசியும் இடத்துக்கு நேராக வந்ததும் உஸ் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். வரிசை இப்படி இருந்தால் நேரம் மிச்சம்: இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் (பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் கருவி) போகும் தடித்த ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் குழாய்), மேனிஃபோல்டில் செருகியிருக்கும் சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள், கடைசியாக மேனிஃபோல்டு கேஸ்கட் (இணைப்பின் இடுக்கை அடைக்கும் தகடு).

ரப்பர் ஹோஸைப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கிளிப்புக்குப் பக்கத்தில், வளைவின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து லேசாக மடக்குங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் அங்கே மெல்ல வாய் பிளக்கும். உள்ளே துணி இழை வெளுப்பாகத் தெரியும். விரலை எடுத்ததும் பிளவு மூடிக்கொள்ளும். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு ‘ஹோஸ் எல்லாம் ஓகே’ என்று சொன்ன எத்தனையோ வண்டிகளில் கோளாறு இந்த அடிப்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பானட்டுக்கு அடியில் சூடு அதைவிட மிக அதிகமாக ஏறி இறங்குகிறது. ரப்பர் கெட்டிப்பட்டுப் போவதில் ஆச்சரியமில்லை.

தோட்டத்துச் சாளையில், அதாவது கொட்டகையில், வண்டி நிறுத்துகிறவர்கள் எலியையும் சந்தேகப்படுங்கள். தேங்காய் நாரும் துணிக் கந்தலும் இன்ஜின் மேல் கிடந்தால் அங்கே கூடு கட்டியிருக்கிறது. நேற்று வரை இல்லாத உஸ் சத்தம் இன்று காலை திடீரென்று வந்தால், கடிபட்ட ஹோஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒயரையும் சேர்த்தே பாருங்கள்.

கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து இன்ஜின் ஓட்டம் மாறுகிறதா என்று பார்ப்பது பட்டறைப் பழக்கம். அது எரியும் பொருள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம். ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். கசியும் இடத்தில் தண்ணீர் படும்போது ஒரு நொடி சத்தம் மாறும். இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர் இரண்டையும் நனைக்காதீர்கள். எதிலும் பிடிபடவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட் கருவி உள்ள பட்டறைக்குப் போவதுதான் சரி. குழாய்க்குள் புகையை விட்டால் அது கசியும் இடத்தைத் தானே காட்டும்.

பிசிவிக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைப் பிடித்து இழுப்பதுபோல் பலமான உறிஞ்சல் இருந்து, திறந்ததும் உஸ் சத்தமோ விசில் சத்தமோ நின்றுவிட்டால் பிசிவி வால்வோ அதன் டயஃப்ரமோ (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. ஆயில் டிப்ஸ்டிக் சரியாக உட்காராமல் இருந்தாலும் இதே மாதிரி சத்தம் வரும். முதலில் அதை அழுத்திப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் மாட்டாமல் விட்டிருந்தாலும் உறிஞ்சும் சத்தம் கேட்கும். சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே சத்தம் வந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பார்க்கத் தெரிந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஐடிலில் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் வாக்குவம் லீக். ரேஸ் ஏற ஏற மோசமானால் பெட்ரோல் வரத்தில் கோளாறு; ஹோஸைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய பாணியில் வாக்குவம் கேஜ் மாட்டிப் பார்ப்பவர்கள் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல இன்ஜின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் அது குறையும். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் குறைவாகத்தான் காட்டும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே 7 அங்குலம் குறைந்தால்கூட இன்ஜின் மேல் பழி போடக் கூடாது.

பிரேக் மிதிக்கும்போது உஸ்

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு பிரேக்கும் ‘புஸ்’ஸும் பிரிக்க முடியாதவை. லாரியில் அமுக்கப்பட்ட காற்றில் பிரேக் வேலை செய்கிறது, மிதியிலிருந்து காலை எடுத்தால் காற்று வெளியேறும், அது இயல்பு. காரில் அப்படியில்லை. காரின் பூஸ்டர் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. மிதிக்கும் நொடியில் லேசாக ஒரு மூச்சு கேட்டு அடங்கினால் பரவாயில்லை. மிதித்து வைத்திருக்கும் நேரமெல்லாம் பெடல் பக்கத்திலிருந்து உஸ் வந்துகொண்டே இருந்தால் பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இதை நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள்.

சோதனை செய்ய ஒரு நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை. ஹோஸ் பழுதாகவோ, அதன் ஒருவழி வால்வு பழுதாகவோ, பூஸ்டரே பழுதாகவோ இருக்கலாம். ஹோஸ், வால்வு இரண்டையும் முதலில் பாருங்கள், செலவு குறைவு. டீசல் காரில் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனியாக ஒரு வாக்குவம் பம்ப் கொடுக்கிறது, எனவே அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கோளாறோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க யாரும் துணியக் கூடாது. பூஸ்டர் இல்லாமலும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும்.

ஏத்தத்தில் மிதித்தால் மட்டும் உஸ், இழுவை இல்லை

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுகிறீர்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டாவது கியர். சமவெளியில் எந்தக் குறையும் தெரியாத டீசல் வண்டி, இங்கே ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது ‘ஃபுஸ்ஸ்’ என்று சத்தம் போட்டு, கறுப்புப் புகை தள்ளி, நகர மறுக்கிறது. டர்போ போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். டர்போவைக் கழற்ற ஒத்துக்கொள்வதற்கு முன் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் குழாய்களைப் பார்த்தாக வேண்டும். இந்தக் குழாய்களில் லோடு ஏறும்போது வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் (கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்த அளவு) வரை அதிக அழுத்தம் இருக்கும். ஐடிலில் அது அனேகமாக இல்லை. அதனால்தான் பட்டறையில் நிறுத்தி ரேஸ் கொடுத்தால் சத்தம் வருவதே இல்லை, வண்டிக்காரர் சொல்வதை யாரும் நம்புவதும் இல்லை.

தடயம் எண்ணெய். குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இயல்பு, இன்ஜினின் பிரீதர் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. குழாய்க்கு வெளியே, கிளாம்ப் ஓரத்திலோ ஹோஸின் நடுவிலோ, ஈரக் கோடு போட்டு அதன் மேல் செம்மண் தூசி படிந்திருந்தால் அங்கேதான் காற்று வெளியேறுகிறது. பெரும்பாலும் ஹோஸ் கிழிசல், தளர்ந்த கிளாம்ப், அல்லது இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரம். ஹோஸை மாற்றும்போது குழாயின் முனையை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பிசுக்கோடு மாட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் அடுத்த மலைப்பாதையில் கழன்றுவிடும். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அது புது ஹோஸையே அறுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, ஏர் ஃபில்டர் பக்கத்து முனையை அடைத்து அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். நுரை கிளம்பும் இடம் கசிவு. பஞ்சர் கடை கம்ப்ரசரை ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாகப் பிடிக்கக் கூடாது. அதில் இருக்கும் அழுத்தம் இன்டர்கூலரைக் கிழித்துவிடும்.

நடு மலையில் ஹோஸ் கிழிந்துவிட்டால், இன்ஜின் ஆறிய பிறகு கிழிசலைச் சுற்றி சைக்கிள் ட்யூபை வெட்டி இறுகச் சுற்றிக் கட்டி, மிதிக்காமல் மெதுவாக ஊர் சேரலாம். டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் முழுதாகக் கழன்றிருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள், வடிகட்டாத தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். பிஎஸ்-6 வண்டிகளில் கறுப்புப் புகை டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியையும் அடைத்துவிடும்.

மிதிக்கும்போது மெல்லிய விசில் மட்டும் வந்து இழுவை நன்றாக இருந்தால் அது டர்போவின் சொந்தக் குரல், விட்டுவிடலாம். விசில் சைரன் போல ஊளையிட ஆரம்பித்தால் டர்போவையே பார்க்க வேண்டும்.

நிறுத்திய பிறகும் உஸ், சூட்டு முள் ஏறியிருக்கிறது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி, நேராக நிறுத்தி, சாவியை எடுத்ததும் பானட்டிலிருந்து சீறல். கூலன்ட் அழுத்தம் மூடி வழியாகவோ கிழிசல் வழியாகவோ வெளியேறுகிறது. ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பதைப் போல ஆபத்து வேறில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், அதன் பிறகுதான் மூடியில் கை.

ஆறிய பிறகு பார்க்க வேண்டியது காய்ந்த கறை. கூலன்ட் கசிந்து காய்ந்தால் பச்சையாகவோ ரோஸாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கும். ஹோஸ் முனைகள், வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சிறு துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி தகரத்தோடு சேரும் ஓரம், தெர்மோஸ்டாட் ஹவுசிங், இவை வழக்கமான இடங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியை மட்டும் மாற்றினால் போதும். மேலே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு பழையதோடு பொருந்த வேண்டும்.

போர் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் கடும் உப்பு. பாத்திரத்தில் வெள்ளை படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். வழியில் வேறு வழியில்லாமல் ஊற்றினால் தப்பில்லை, ஊருக்கு வந்ததும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பானாலும் ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரிசர்வ் பாட்டிலில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஏசி தண்ணீர் சொட்டு சூடான சைலன்சர் குழாயில் விழுந்தாலும் ‘சுர்’ என்று கேட்கும். அந்தத் தண்ணீரில் நிறமோ இனிப்பு வாசனையோ இருக்காது, கவலை வேண்டாம்.

ரேஸுக்கு ஏற்பத் தாளம் போடும் ‘ச்சுக் ச்சுக்’

காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் டீசல் அனுப்பும் முறை) டீசலில், எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் தேய்ந்தால் சிலிண்டர் அழுத்தம் அங்கே தப்பிக்கும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகக் கட்டியிருக்கும், கேபினுக்குள் டீசல் புகை நாற்றம் வரும். சின்ன வாஷர்தான், ஆனால் தள்ளிப் போட்டால் உட்காரும் இடமே அரிக்கும், அப்புறம் செலவு பெரிது. ஓடும் இன்ஜினில் டீசல் பைப்புகளின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் ஏறக்கூடும், கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

பெட்ரோல், டீசல் இரண்டிலும், காலையில் குளிர்ந்திருக்கும்போது பலமாகவும் சூடானதும் குறைவாகவும் இதே தாளம் கேட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை மூடிக்கொள்கிறது. கசிவைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள்.

ஏசி, பெல்ட்

ஏசி போடும்போதும் நிறுத்தும்போதும் டாஷ்போர்டுக்குள் சில நொடி உஸ் வருவது கேஸ் அழுத்தம் சமமாகும் சத்தம், இயல்பு. விடாமல் உஸ் வந்து குளிர்ச்சியும் குறைந்தால் கேஸ் இறங்கியிருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது காசுக்குக் கேடு.

பெல்ட்டா என்று தெரிந்துகொள்ள, ஓடும்போது விலகி நின்று பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் நின்றால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். அதிகமானால் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது) தளர்ந்திருக்கிறது. மாறவே இல்லை என்றால் புல்லி பேரிங்கைப் பாருங்கள்.

சிஎன்ஜி வண்டியில் உஸ்ஸும் வாசனையும்

இதில் தேடுதல் எதுவும் கிடையாது. இன்ஜினை நிறுத்துங்கள், எல்லோரையும் இறக்குங்கள், கதவுகளையும் டிக்கியையும் திறந்து விடுங்கள், எட்டினால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். சுவிட்ச் எதையும் போட வேண்டாம், போனைத் தள்ளிப் போய்ப் பேசுங்கள். நிரப்பும்போது சிலிண்டருக்குள் 200 பார் இருக்கும். சிஎன்ஜி வேலை தெரிந்தவரைத் தவிர யாரையும் கை வைக்க விடாதீர்கள். சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஹைட்ரோ டெஸ்ட் தேதியையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது

சத்தம் வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரை போனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து தெரியட்டும். “சூடா இருக்கறப்ப, ரெண்டாவது கியர்ல, ஏத்தத்துல மட்டும் வருதுங்க” என்று ஒரே வரியில் சொன்னால் மெக்கானிக் நேராக அந்தக் குழாய்க்குப் போவார். எந்த பாகத்தை மாற்றச் சொன்னாலும், கசியும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, சத்தம் வந்த அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். ஏத்தத்தில் வந்த சத்தத்தை சமதளமான அவினாசி ரோட்டில் ஓட்டிச் சோதிக்க முடியாது. கூலன்ட் வேலை என்றால் மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாட்டிலின் அளவைப் பார்த்து, அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வண்டியைத் திரும்பக் கொண்டுபோங்கள்.